பொங்கல் விழாவுக்கு வந்த போஸ்னியத் தளபதி

எங்கள் பிஸ்கட்டவே ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் வைக்காமல்கூடப் பொங்கல் விழா நடக்கும், சீஃப் கெஸ்ட் இல்லாமல் நடக்காது. அந்த வருஷம் வருவதாக இருந்த சினிமா நடிகருக்கு விசா கிடைக்கவில்லை. நோட்டீஸ் அடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று, போர்த்தத்தான் ஆளில்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் போஸ்னியாக்காரர், அங்கே நடந்த போரில் தளபதியாக இருந்தவர் என்று கமிட்டி மீட்டிங்கில் உளறிவிட்டேன்.

"நிஜ கமாண்டரா? இத்தனை நாள் ஏன் சார் சொல்லல?" என்றார் செயலாளர். "போட்டோ அனுப்புங்க. நடிகரைத் தூக்கிட்டு இவரைப் போட்டுடலாம்."

தளபதி தன் ஊர்க்காரர்கள் நடத்தும் எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டார். இத்தனைக்கும் அவர்கள் அவர்மேல் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஹாலில் படம் மாட்டியிருக்கிறார்கள். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காரணத்தைச் சொன்னார். அவரோடு போய்த் திரும்பாத பையன்களின் அம்மாக்கள் அங்கே வருவார்களாம். எதிரே வந்து நின்று கேட்டால் என்ன சொல்வது என்றார். எங்கள் விழாவுக்கு ஒத்துக்கொண்டதும் அதனால்தான். தமிழர்கள் கூட்டத்தில் அவரை யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

கேட்க நாங்கள் விட்டால்தானே. தலைவர் அறிமுக உரையைச் சோழர் படையெடுப்பில் ஆரம்பித்தார். போஸ்னியா கடைசிவரை வரவே இல்லை. தலைவர் நேரில் பார்த்த ஒரே போர் வேலி உயரத்துக்காகத் தன் பக்கத்து வீட்டோடு போட்டது, அது வந்தது. குழந்தைகள் டான்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சீஃப் கெஸ்ட் ஒரு தேங்க் யூவோடு உட்கார வேண்டியதாயிற்று. பிறகு செல்ஃபிக்கு வரிசை நின்றது. மனுஷர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

சாப்பிடும்போது, இங்கே தன் மகள் வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, இவரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. என்ர மகன் இயக்கத்துக்குப் போனவன். என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்ல. இவரோட போன பிள்ளையளின்ர தாய்மாரிட்ட இவர் போய்ச் சொன்னவரோ?"

சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்பதாக மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆன்ட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

தளபதி ஸ்பூனைக் கீழே வைத்தார். சில வீடுகளுக்குப் போனேன், பல வீடுகளுக்குப் போகவில்லை, பயந்துவிட்டேன் என்றார்.

"இப்பவும் போகலாம் எண்டு சொல்லுங்கோ. அவையளும் என்னைப் போல வாசலைப் பாத்துக்கொண்டுதான் இருப்பினம்."

அதையும் சொன்னேன். குரூப் போட்டோவுக்கு சீஃப் கெஸ்ட் உடனே மேடைக்கு வரவும் என்று செயலாளர் மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார். தளபதி எழுந்திருக்கவில்லை. மகனுக்கு அப்போது என்ன வயது என்று ஆன்ட்டியிடம் கேட்கச் சொன்னார்.

"பத்தொன்பது" என்றார் ஆன்ட்டி.