பைக்கடைக்குள் ஓடிய பஸ்

எங்கள் அப்பா எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. குடை வாங்கப் போன கடையில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். செருப்புக் கடையில் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். அவர் திரும்பும்வரை அம்மாவும் நானும் கடையில் பிணையாக உட்கார்ந்திருப்போம். அப்படிப்பட்டவர் என் சித்திக்கு லேப்டாப் பை வாங்கக் கிளம்பியபோது அது சுலபத்தில் முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது எங்கே போய் முடியும் என்பது யாருக்கும் தெரியாது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஜீயபுரத்தில் வாழை போட்டிருந்த தாத்தாவின் வீட்டில் வளர்ந்தவள். படிப்பு முடிந்து திருவெறும்பூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடும் வேலை கிடைத்ததும், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. காலையில் ஒரு பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் நிலையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தொங்காத குறையாக நின்றுகொண்டு போவாள். வேலை நிரந்தரமானதும் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் லேப்டாப் என்று நான் பள்ளியில் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதற்கு ஒரு பொட்டு வைக்கப் போய், சித்தி அலறித் தடுத்தாள்.

லேப்டாப்போடு முதுகில் மாட்டும் பை ஒன்றும் வந்தது. அந்தப் பையில்தான் வினை. ஒருநாள் சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்தபோது முதுகுப் பையின் வெளி ஜிப் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே சார்ஜர் இல்லை. பஸ் கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் நடந்த காரியம் அவளுக்குத் தெரியவே இல்லை. லேப்டாப் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்த நாள் அலுவலகத்தில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே வாரத்தில்தான் லால்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தை மிகவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எனக்குத் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி வைத்துவிட்டார். கேசரியை எல்லோரும் பாராட்டினார்கள். கல்யாணம் நடந்தால் எனக்கு அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். போனவர்கள் மறுநாள் போன் செய்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம், அது மட்டும் சம்மதமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

தாத்தா, மூத்த மாப்பிள்ளையே பார்த்துச் செய்யட்டும் என்று பொறுப்பை அப்பாவிடம் விட்டுவிட்டார். அப்பா சித்தியிடம் கேட்டார். சித்தி, “உங்க இஷ்டம் அத்தான்” என்றாள். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அம்மாவுக்கோ ஒரே பிடிவாதம். தாய் இல்லாத தங்கையைத் தலை பின்னி வளர்த்தவள் அவள். நல்ல இடம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. சார்ஜர் போனதும் அந்தப் பயத்துக்குக் கைகால் முளைத்துவிட்டது.

“இன்னைக்கு சார்ஜர், நாளைக்குக் கழுத்துச் சங்கிலி. இந்தக் கூட்டத்துல இடிபட்டு வேலைக்குப் போயி என்னத்தக் கண்டா? விட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும்” என்றாள்.

சவரம் செய்துகொண்டிருந்த அப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே, “பை சரியில்லன்னா பைய மாத்தணும். அதுக்கு எதுக்கு வேலைய மாத்தணும்?” என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடைவீதிக்குப் போவதென்று அப்போதே முடிவாயிற்று.

அலுவலகத்துச் சொத்தான லேப்டாப்பை அப்பா கடைவீதிக்குக் கொண்டுவர விடவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டுச் சதுரச் சப்பாத்திப் பலகையைத் துண்டில் சுற்றி, அதோடு ஒரு துவரம்பருப்புப் பொட்டலத்தையும் வைத்துக் கட்டினார். இரண்டு கையிலும் தூக்கித் தூக்கிப் பார்த்து, லேப்டாப்பும் இதுவும் ஒரே எடைதான் என்று தீர்ப்புச் சொன்னார். சார்ஜருக்குப் பதில் என் பம்பரக் கயிறு ஒரு டப்பாவில் போடப்பட்டது. அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வீட்டைப் பூட்டினாள்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயின் பைக்கடை. வாசலிலிருந்து கூரைவரை பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பைகளை மாட்டுவதற்காகக் கடையின் குறுக்கே ஒரு நீளமான இரும்புக் கம்பி ஓடியது. அப்பாவின் கண் பைகளில் விழுவதற்கு முன்னால் அந்தக் கம்பியில்தான் விழுந்தது.

“பாய், இந்தக் கம்பில இருக்கிற பைய எல்லாம் கொஞ்சம் எறக்கி வச்சிக்கலாமா?”

“எதுக்கு சார்?”

“பஸ்ஸுல புடிச்சிக்கிட்டு நிக்கிற கம்பி வேணும்.”

வேறொருவராக இருந்தால் எங்களை வெளியே அனுப்பியிருப்பார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியைக் காலி செய்யச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் பை வாங்க வந்தவர்கள் வேறு யாருமில்லை. அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

சித்தி மெரூன் நிறத்தில் பளபளவென்று ஒரு பையைக் கையில் வைத்திருந்தாள். தோளில் குறுக்காக மாட்டி இடுப்புக்கு மேல் தொங்கவிடும் வகை. “இதே போதும் அத்தான்” என்றாள். அப்பா அதற்குள் பலகையையும் பருப்பையும் வைத்து, அவள் தோளில் மாட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கடையில் விற்பனை வேலை பார்த்த இரண்டு பெண்களும் கூட்டமாக நியமிக்கப்பட்டார்கள். தினமும் லால்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிறவர்களாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று முழங்கையால் நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, விரலிடுக்கில் ரசீதுத் தாளைச் செருகிக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எல்லாம் காலியாத்தான் கெடக்கு!” என்று கத்தினார். வாயில் விரல் வைத்து விசிலும் அடித்தார். அப்பா ‘பிரேக்’ என்று சொல்லும்போதெல்லாம் எல்லோரும் முன்னால் சாய வேண்டும்.

என் வேலை என்ன என்று கேட்டேன்.

“நீதான் திருடன்” என்றார் அப்பா. “சித்திக்குத் தெரியாம அந்த டப்பாவ எடு, பாப்போம்.”

இதைவிடப் பெரிய பதவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. முதல் பிரேக்கிலேயே மெரூன் பை வழுக்கிச் சித்தியின் பின்பக்கம் போய்விட்டது. நான் ஜிப்பை இழுத்து டப்பாவை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். கூட்டம் கைதட்டியது. அடுத்த பை தோல் மாதிரி இருந்தது. பலகையின் கனத்தில் அதன் பட்டை சித்தியின் தோளை அறுத்தது, பின்னலும் அதில் சிக்கிக்கொண்டது. அதிலும் திருடினேன். இன்னொன்றின் மூடி ஒட்டுப்பட்டையால் ஆனது. பிரித்தால் ‘பர்ர்’ரென்று சத்தம் வரும். அது திருட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று அப்பா மகிழ்ந்தார். ஆனால் பாய் வாயாலேயே பஸ் ஹாரன் அடிக்கிற நேரமாகப் பார்த்து நான் பிரித்துவிட்டேன். சித்தி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பிறகு அவளே விளையாட்டில் இறங்கிவிட்டாள். “ஏ, தள்ளி நில்லுங்க, கால மிதிக்கிறீங்க” என்று கூட்டத்தோடு சண்டை போட்டாள்.

கடைசியில் பாய் உள்ளே போய், கருநீலத்தில் தடித்த கித்தான் பை ஒன்றை எடுத்து வந்தார். பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் பட்டை அகலமாக, தோளில் படும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருந்தது. பெரிய மூடி முழுப் பையையும் மூடியது. சார்ஜர் வைக்கும் பையின் ஜிப், உடம்போடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் இருந்தது. சித்தி அதை மாட்டி முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் இடது பக்கம் வந்தேன், வலது பக்கம் வந்தேன், கூட்டத்தின் காலுக்கிடையில் புகுந்தும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் சித்தியின் கை என் கையைப் பிடித்துவிட்டது.

“திருடன் தோத்துட்டான்” என்று பாய் அறிவித்தார். “பாக்குறதுக்குத்தான் சுமார் சார். ஆனா உழைக்கும். எத்தன வருஷத்துக்கு வேணும் உங்களுக்கு?”

“அவ ரிட்டயர் ஆகுற வரைக்கும்” என்றார் அப்பா.

ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கோ தோற்றுப்போன கோபம். தவிரவும், வீட்டில் காதில் விழுந்ததை வைத்து ஒரு நியாயமான சந்தேகமும் இருந்தது. உரக்கவே கேட்டேன்:

“கல்யாணம் ஆனா சித்திதான் வேலைக்கே போகக் கூடாதாமே? அப்புறம் எதுக்கு இந்தப் பை?”

பஸ் நின்றுவிட்டது. கூட்டமாக இருந்த இரண்டு பெண்களும் மெல்ல விலகி நின்றார்கள். பாய் விரலிடுக்கிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்தது. அப்பா மட்டும் என்னை அதட்டவில்லை. சித்தியின் பக்கம் திரும்பி, “கேக்குறால்ல. பதில் சொல்லும்மா” என்றார்.

சித்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இன்னொரு கை பையின் மேல் இருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“போவேன்டி. கல்யாணம் ஆனாலும் போவேன். வேணாம்னு சொல்றவங்க வீட்டுக்கு நான் போகல.”

ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து சித்தியிடம் போனாள். அறை விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அம்மா பட்டையின் கொக்கியைப் பிடித்து இழுத்து இறுக்கினாள். “இவ்ளோ கீழ தொங்கவிட்டா நடக்கும்போது இடுப்புல அடிச்சிக்கிட்டே இருக்கும். இந்த அளவுல இருக்கட்டும்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கொக்கியைச் சரிசெய்கிற சாக்கில் தங்கையின் தோளிலிருந்து வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அப்பா போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனார். கூட்டமும் ஹாரனுமாக இருந்த வீதியில், ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதுபோலப் பணிவாகத் தலையசைத்துப் பேசினார். திரும்பி வந்து, “சொல்லிட்டேன்” என்றார்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“ஒன்னும் சொல்லல. வச்சிட்டாங்க.” பாயிடம் திரும்பி, “இதையே கட்டிடுங்க பாய்” என்றார். பாய் கட்டவில்லை. தங்கச்சி மாட்டிக்கிட்டே போகட்டும் என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. சித்திக்கு வேறு ஒரு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தவரிடம் அவளே முதல் கேள்வியாகத் தன் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டாள். இன்று அந்த வரைபடப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. நான் படித்து முடித்து வேலைக்குப் போனபோது, போகலாமா கூடாதா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. யாரோ எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டிருந்தார்கள். அப்பாவிடம் ஒருமுறை, அன்றைக்கு அவளைப் பேச வைக்கத்தான் அத்தனை கூத்தும் கட்டினீர்களா என்று கேட்டேன். “அப்படியெல்லாம் திட்டம் போடலம்மா, பை வாங்கத்தான் போனேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானே வேணாம்னு சொல்லியிருக்கலாம். ஆனா அது என் முடிவாப் போயிருக்கும். அவ வாயால வராதான்னு ஒரு நப்பாசை இருந்துச்சு” என்றார்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? அன்று ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் சித்தியின் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. கல்யாணம் நின்றுவிட்டது, நிறுத்தியது நான். கடையில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் பாதி மல்லிகை கொடுத்த அந்த அம்மா எங்கள் சொந்தமாகியிருப்பார். காவிரிப் பாலம் வந்தபோது அழுகையை அடக்க முடியவில்லை.

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “நீ கேக்கலன்னா நான் வாயவே தொறந்திருக்க மாட்டேன்டி தங்கம்” என்று காதோடு சொல்லிக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

கல்யாணம் நின்றுபோன ஒருத்தி, அதை நிறுத்தியவளை எதற்காகக் கொஞ்ச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே இருக்கும் துக்கத்தை மறைக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று முடிவு செய்தேன். அவளைத் தேற்றுவது என் கடமை என்று பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கவலப்படாத சித்தி, வேற மாப்பிள்ளை வருவாங்க” என்றேன்.

பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சித்தி சிரித்தாள். நான் சொன்ன ஆறுதல் பலித்துவிட்டது என்ற நிம்மதியில், வீடு வருவதற்குள் நான் தூங்கிப்போனேன்.