இஸ்திரி போட்ட கோடு

ஆலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இஸ்திரி என்றால்தான் தெரியும். பாய்லரின் நீராவி அழுத்தம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாக ஓடும். நடுங்குகிற அந்தக் கோட்டைச் சுருக்கமில்லாமல் வைப்பது அவள் வேலை. புது அளவில் கொஞ்சமும் பழைய அளவில் நிறையவும் கலந்து காட்டும் வடிகட்டி ஒன்று மென்பொருளில் உண்டு. அதன் எண்ணை ஏற்ற ஏற்றக் கோடு சாதுவாகிவிடும். சென்சாரின் வீண் நடுக்கத்தோடு, அழுத்தம் நிஜமாகவே எகிறும் உச்சங்களையும் விழுங்கிவிடும்.

நடுங்கும் கோடென்றால் மேனேஜருக்கு ஆகாது. அவர் முகம் கோணும்போதெல்லாம் அவள் எண்ணை ஏற்றினாள். பாராட்டு வந்தது, பதவி வந்தது, ஆலைக் குடியிருப்பில் வீடும் வந்தது. அதன்பிறகு கோடு உச்சத்தை மறைக்கிறது என்று வாயைத் திறக்க வழியில்லாமல் போனது. பாய்லரை ஓட்டுவதோ அவள் கணவன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் குஷியாகச் சொன்னான். "காலையில பாதுகாப்பு வால்வு திறந்துக்கிட்டு ஒரே அலறல். திரையில பார்த்தா உன் கோடு அசையவே இல்ல. வால்வுலதான் கோளாறுன்னு நானே இறுக்கி விட்டுட்டேன்."

அவள் கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். "ஐயோ, வால்வு சொன்னதுதாங்க நிஜம்! என் கோடு உச்சத்தைக் காட்டாது."

"உன்னை நம்பித்தானேடி இறுக்கினேன்!" அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பாய்லரை அணைக்கணும்னா மேனேஜர் சொல்லணுமே. நீ மேல போய்ச் சொல்லு, நான் பாய்லர்கிட்ட நிக்கிறேன்."

அவள் மாடிக்கு ஓடி எண்ணை அடியோடு குறைத்தாள். கோடு துள்ளிச் சிவப்பு எல்லையைத் தொட்டது. மேனேஜரைக் கையோடு இழுத்து வந்தாள்.

"இதுதான் சார் நிஜம். அணைக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, இத்தனை நாள் ஒழுங்கா இருந்த கோடு சாப்பிட்டு வர்றதுக்குள்ள பேயாட்டம் ஆடுமா? சென்சார் கெட்டிருக்கும். நகரு."

"இத்தனை நாள் நான் காட்டினதுதான் சார் பொய்!"

"வேலை வேணுமா, வேண்டாமா?" என்றபடி அவரே பழைய எண்ணைத் தட்டினார். எங்கே தட்டுவது என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். கோடு படுத்துக்கொண்டது.

அவள் சன்னலுக்குப் பாய்ந்தாள். கீழே பாய்லரை ஒட்டியும் அதே திரைதான். துள்ளிய கோடு அடங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்தம் இறங்கிவிட்டதென்று நினைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பாய்லர் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.