சுண்ணாம்பு லாரியும் குறுக்கே கிடந்த புளியமரமும்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவள் நிவேதா. என் நண்பரின் மகள், வளைகுடா நாடொன்றில் சிவில் இன்ஜினியர். பாலைவனத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்த மணல். அதன் மேல் ஒரு ரோடு ரோலர்.

'அங்கிள், இந்த மண்ணு ரொம்ப வீக். சிமென்ட்டைக் குறைச்சுட்டு, சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கெட்டிப்படுத்துறோம். சுற்றுச்சூழலுக்கும் நல்லது. எப்படி இருக்கு எங்க ஐடியா?'

நல்ல ஐடியாதான். ஆனால் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பாலைவனம் அல்ல, கச்சிராயபாளையம் ரோடு.

அது எண்பத்தேழு. இட ஒதுக்கீடு கேட்டு ரோடு ரோடாக மறித்த போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். நான் டிப்ளமா முடித்துவிட்டு, நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு வீடு கட்டித் தரும் ஒரு தொண்டு அமைப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். மனை இலவசம். எப்படிப்பட்ட மனை? வெயில் ஏறினால் தரையில் உப்புப் பூக்கும். மழை பெய்தால் கால் புதையும். விளைகிற நிலத்தை யார் சும்மா கொடுப்பார்கள், சொல்லுங்கள்?

அங்கே முதல் வீடு அஞ்சலைக்கு. கரும்பு வெட்டப் போகிறவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். முந்தின வருஷம் சிமென்ட் போட்டு எழுப்பிய சுவரை உப்பு அடியிலிருந்தே அரித்தது. அடைமழையில் அஸ்திவாரம் இறங்கி, ஒரு பக்கச் சுவர் சாய்ந்துவிட்டது. அவர் குடியிருந்த குடிசையோ இன்னொருவர் கொல்லையில். தீபாவளிக்குள் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார் நிலக்காரர்.

இந்த முறையும் சாய்ந்தால் அவர் எங்கே போவார்?

எங்கள் இன்ஜினியர் ஒரு வழி சொன்னார். கரும்புச் சக்கையை எரித்த சாம்பல் ஆலைப் பக்கம் குவிந்து கிடக்கிறது, கேட்பாரில்லை. அதையும் சுட்ட சுண்ணாம்புக்கல்லையும் மண்ணோடு கலந்து, திமிசுக் கட்டையால் இறுக இடித்து, அதன் மேல் அஸ்திவாரம் எழுப்பலாம் என்றார். சாம்பல் வந்துவிட்டது. சுண்ணாம்பு சேலம் பக்கத்திலிருந்து வர வேண்டும். மழைக்கு முன் வந்தாக வேண்டும்.

லாரியில் நானும் வந்தேன். கள்ளக்குறிச்சி வரை எப்படியோ தப்பித்தோம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்... ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம், வெட்டிச் சாய்த்த ஈரம்கூடக் காயவில்லை. அதன் மேல் வரிசையாக இளைஞர்கள்.

"வண்டி போவாது சார். திருப்பிக்கினு போங்க" என்றான் ஒருவன். பெயர் செல்வம், பி.காம். அஞ்சலையைக் காலி பண்ணச் சொன்ன நிலக்காரரின் மகன். ஊருக்குப் போய்வந்த பழக்கத்தில் எனக்கு அவனைத் தெரியும்.

நான் கெஞ்சினேன். பலிக்கவில்லை. சைக்கிளில் போன ஒருவரிடம் அஞ்சலையின் தெருவுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். அஞ்சலை தன் தெரு ஆட்களோடு ஒரு மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றார்.

செல்வம் அவரைப் பார்த்ததும் இறங்கி நின்றான். "உனுக்கு சர்க்கார் எடம் குடுக்குது, வூடு கட்டித் தரவும் ஆளு வருது. நான் பி.காம் படிச்சிட்டு மாடு மேச்சிகினு கீறேன். எனுக்கு இன்னா குடுக்குது?"

"நீங்க கேக்கறத நான் வாணாம்னா சொன்னேன், சின்னவரே?" என்றார் அஞ்சலை. "எனுக்குக் குடுத்த எடத்த ஒரு தபா வந்து பாருங்க. உப்பு பூத்துக் கெடக்குது. உங்கப்பாரு தீவாளிக்குள்ள காலி பண்ணுன்னுட்டாரு. புள்ளைங்கள இட்டுகினு நான் எங்க போவேன்?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம்தானே?

அப்போது கல்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் சேலத்து டிரைவர் பதறிப்போனார். அவருடைய தார்ப்பாயில் பாதி கிழிசல்.

"தம்பிங்களா, சுட்ட சுண்ணாம்பு இது. தண்ணி பட்டா கொதிக்கும், சாக்கு பத்திக்கும். வண்டி எரிஞ்சா நீங்க கொளுத்துனதுன்னுதான் போலீஸ் எழுதும். தானா எரிஞ்சதுன்னு நான் சொன்னா யார் நம்பப் போறா?"

செல்வம் மரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அஞ்சலையையும் ஒருமுறை பார்த்தான்.

"மரத்த எடுக்க மாட்டோம். அது போராட்டம்" என்றான். "மூட்டைய வேணா தாண்டிக் குடுத்துடறோம். டேய், எறங்குங்கடா."

இறங்கினார்கள். ஒவ்வொரு மூட்டையையும் இந்தப் பக்கம் இரண்டு பேர் தூக்க, அந்தப் பக்கம் அஞ்சலையின் தெரு ஆட்கள் இரண்டு பேர் வாங்கினார்கள். அந்தத் தெருக்காரர்களுக்குக் கூலியைக்கூடக் கையில் படாமல் மேலிருந்து போடுகிற ஊர் அது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு மூட்டையை அப்படிப் போட முடியாது. கையோடு கை சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். வியர்வையில் சுண்ணாம்பு பட்டு எல்லாருக்கும் எரிந்தது. ஒருவருக்கொருவர் ஊதிக்கொண்டார்கள், திட்டிக்கொண்டார்கள், சிரிக்கவும் செய்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிழியாத பாதித் தார்ப்பாய் மாட்டு வண்டிக்குப் போனது. மழை பலமாகக் கொட்டுவதற்குள் கடைசி மூட்டை பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மழை நின்றதும் செல்வம் மறுபடி மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தான். அஞ்சலை மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

அடுத்த வாரம் அதே ஊர் டீக்கடையில் அஞ்சலைக்குத் தனி கிளாஸில் டீ கொடுத்தார்கள். செல்வம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையைத் தூக்கவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முன்பே அஞ்சலை புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்.

இதையெல்லாம் நிவேதாவுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் இன்ஜினியராகவே கேட்டாள்: 'அந்தக் கலவை எத்தனை நாள் தாங்குச்சு அங்கிள்?'

வீடு இன்னும் நிற்கிறது, நிவேதா. மூட்டை கைமாறிய அந்த வரிசைதான் மழை விட்டதும் கலைந்துவிட்டது.