ஆறு சிலிண்டர் காற்று

அரை நாள் முழுக்க நான் நிரப்பிவைத்த காற்றை டீச்சர் ஒவ்வொரு சிலிண்டராகத் திறந்துவிட்டார். ஷெட்டே அதிரும்படி ஓர் இரைச்சல். பித்தளை வால்வுகள் சித்திரை வெயிலிலும் குளிர்ந்து, வேர்த்து, மேலே வெள்ளையாக உறைந்தன. நான் சுவரோரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த இரைச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஷெட்டில் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வேலைக்காரர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டர்களுக்குக் காற்று அடைப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. கடலுக்குள் மூழ்குகிறவர்களும் எப்போதாவது வருவார்கள். பயம் என்கூடப் பிறந்தது. முடிச்சூரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின், பூட்டினோமா இல்லையா என்று சைக்கிளைத் திருப்புகிற ஆள். ஷெட்டில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "யோவ் சந்தேகம், டீ வந்துச்சா?" என்பார்கள். நானும் "வந்துச்சு, ஆனா சூடா இருக்குமான்னு தெரியல" என்பேன்.

டீச்சர் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஏறக்குறைய என் வயதுதான். கடல்பாசி பார்ப்பதற்காக மூழ்கக் கற்றுக்கொண்டவர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் அவர் மண்டபத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கூட இரண்டு பேர்: ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி, கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்து அண்ணன் ஒருவர். இவர்கள் இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆளுக்கு இரண்டு சிலிண்டர். மதியம் வந்தவர்கள், தண்ணீர்த் தொட்டியில் சூடு ஆறிக்கொண்டிருந்த சிலிண்டர்களைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். டீ குடித்தபடி அறிமுகம் நடந்தது.

"நான் பேங்க்ல இருக்கேன். அந்தமான்ல கத்துக்கிட்டேன். தொண்ணூறு அடி வரைக்கும் போயிருக்கேன்" என்றார் வங்கிக்காரர்.

"நமக்கு அடி கணக்கெல்லாம் தெரியாது சார். மூச்சு தாங்குற வரிக்கும் போவேன், சங்கு கீதான்னு பாப்பேன், வந்துடுவேன். சிலிண்டர் மாட்டிக்கினு போறது இப்பதான், ரெண்டு வருசமா" என்றார் அண்ணன்.

பேச்சு வளர்ந்தது. மண்டபத்தில் காலை எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அப்புறம் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிடும் என்றார் டீச்சர். முகக்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க எச்சிலைத் தடவுவதற்கு மேல் மருந்தே இல்லை என்றார் அண்ணன். பிறகு ரயில் விஷயம் சொன்னார்: "சிலிண்டருன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. சமையல் கேஸுன்னு நென்ச்சிக்கினு போன தபா செங்கல்பட்டுலயே எறக்கி வுட்டாங்க, பேஜாராப் பூடுச்சு. காத்துன்னு சொல்லுங்க."

"காத்துன்னா நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க சார். சிரிச்சுக்கினே பூடுவாங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லுங்க. உங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே."

காலையிலிருந்தே சொல்வதா வேண்டாமா என்று ஒன்றை நான் வைத்துக்கொண்டிருந்தேன். நான் காற்று அடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஷெட்டுக்குத் தகடு இறக்க ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்தவில்லை. எங்கள் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாய் அந்தப் பக்கம்தான். உள்ளே அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த நான், வெளியே வந்தபோதுதான் லாரியைக் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றது, புகை குழாய்ப் பக்கம் வந்ததா, எந்த சிலிண்டரில் போனது, எதுவும் தெரியாது. சொன்னால் அவர்கள் பயணம் கெடும், முதலாளி என்னைத் துரத்துவார். சொல்லாவிட்டால் மூன்று பேர் கடலுக்கடியில் அதைத்தான் மூச்சிழுக்க வேண்டும்.

"நான் காத்து அடைக்கிறவன் டீச்சர். காலைல இங்க ஒரு லாரி நின்னுச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வங்கிக்காரர் ஒரு வால்வைக் கொஞ்சம் திறந்து முகர்ந்தார். "ஸ்மெல்லே இல்லையே. கிளம்புற நேரத்துல ஏங்க பயமுறுத்துறீங்க?" அண்ணனும் மூக்கை நீட்டினார். "எங்க ஊரு காத்தவிட இது வாசனையாத்தான் கீது."

டீச்சர் முகரவில்லை. "லாரிப் புகையில இருக்குற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது சார். ஆழத்துல ஆளை மயக்கிடும்." பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்களுக்கு நிச்சயமாத் தெரியல, அப்படித்தானே?"

"தெரியல டீச்சர். ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம். தெரியாமலே போகட்டும்" என்று சொல்லி முதல் வால்வைத் திறந்தார்.

அதுவரை என் சந்தேகத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், இல்லையென்றால் ஆதாரம் கேட்டார்கள். "தெரியல" என்பதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் டீச்சர்தான். அதற்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். பயத்தை வாய்விட்டுச் சொல்லும் வெட்கம்தான் குறைந்தது. இப்போது காற்றைச் சோதிக்கக் கருவி இருக்கிறது, எண்ணைக் காட்டிவிடும் என்கிறார்கள். அன்று எங்கள் ஷெட்டில் அப்படி எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

மறுபடி அடைக்க இருந்த நேரத்தில் மூன்று சிலிண்டர்தான் முடிந்தது. அதுவரை அண்ணன் துண்டை வீசிக்கொண்டு ரோட்டிலேயே நின்றார். "யோவ், வண்டிய ஆஃப் பண்ணு! உள்ள காத்து சமைக்கிறாங்கோ!" வங்கிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னை முறைப்பதுமாக இருந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் மூட்டைகளை ஏற்ற நானும் போனேன். டிக்கெட் பரிசோதகர் கோணியைத் தட்டி, "என்னம்மா இது?" என்றார்.

"காத்து சார்."

"காத்தா? ராமேஸ்வரத்துல இல்லாத காத்தா!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வியாழக்கிழமை காலி சிலிண்டர்களைக் கொடுக்க வங்கிக்காரர் தனியாக வந்தார். திட்டுவார் என்று கம்ப்ரஸர் பின்னால் போய் நின்றேன். அவர் தேடி வந்தார்.

"அன்னைக்குத் தொண்ணூறு அடின்னு சொன்னேனே, அது பொய்ங்க. படகுல போகும்போது டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். ஆழத்துக்குப் போகாம, பவளப்பாறை ஓரமாவே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க."

"ஏன் சார் சொன்னீங்க?"

"நீங்க லாரி நின்னதைச் சொன்னீங்க இல்ல?" என்றார். பிறகு கையை நீட்டினார். "மறுபடி அறிமுகம் பண்ணிக்கலாம். நான் இருபத்தஞ்சு அடி."

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நானும் நீட்டினேன்.

"நான் முழங்கால் அளவு சார்."