மூன்றாம் கவுண்டர் லோர்னா

தள்ளுபடிக் கூப்பனை வாங்கியதும் நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, காலாவதித் தேதியை வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி படிக்கிறார் பில் போடும் லோர்னா டொலெஃப்சன். தேதி சரியாக இருந்தால் அடுத்தது அளவு. பெரிய டப்பாவுக்கு உரிய கூப்பனைச் சின்ன டப்பாவோடு நீட்டியவர் அந்த நிமிஷமே ஊரறிந்த மனிதராகிவிடுவார். "நான் போட்ட சட்டமா?" என்று கூப்பனைத் திருப்பிக் கொடுக்கும்போது லோர்னாவின் குரலில் வருத்தம் இருக்கும். அது பொய் வருத்தமில்லை.

சட்டம்தான் பாதிக்குமேல் அவர் போட்டது. இணையத்திலிருந்து வீட்டில் அச்செடுத்துக் கொண்டுவரும் கூப்பன்களுக்கு ஹாகென் மளிகைக் கடை முதலாளி நான்கே விதிகள் எழுதிக் கொடுத்தார். பார்கோடு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு வருகைக்கு ஒரே மாதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 'இலவசம்' என்று போட்டிருந்தால் செல்லாது. ஜெராக்ஸ் எடுத்தது செல்லவே செல்லாது. இன்றைக்கு மூன்றாம் கவுண்டருக்கு மேலே லேமினேட் செய்து தொங்கும் தாளில் பதினொரு விதிகள் இருக்கின்றன. வெளியே போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது இரண்டாவது வருகை ஆகாது என்கிற ஒன்பதாவது விதி, ஐனார் ரூட் என்ற பால்பண்ணைக்காரர் ஒருவருக்காகவே எழுதப்பட்டது. மறுவாரம் ஐனார் வேறு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அப்படிப் பிறந்ததுதான் பத்தாவது. கைபேசித் திரையில் கூப்பனைக் காட்டும் இளவட்டங்களிடம் லோர்னா விதியெல்லாம் பேசுவதில்லை. கத்தரிக்கோலை எடுத்து நீட்டி, "இதை ஓரமா வெட்டிக் குடு, வாங்கிக்கிறேன்" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. மினசோட்டாக் குளிரில் ஏழு மாதமும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. மீதி ஐந்து மாதம் அதே பச்சையில் பருத்தி. கணவர் வெண்டல் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் லோர்னா சொல்வதற்கெல்லாம் "சரி" என்று சொல்லி முப்பது வருஷம் நிம்மதியாக வாழ்ந்தவர். பிள்ளைகள் இல்லை. பேராசை என்று பார்த்தால் லோர்னாவுக்கு ஒன்றே ஒன்றுதான்: லுத்தரன் சபையின் சமையலறைக் கமிட்டிக்குத் தலைவியாக வேண்டும்.

சிரிக்கக் கூடாது. ஆலயத்தின் நிலவறையில் இருக்கும் அந்தச் சமையலறைக்கு யார் தலைவியோ, அவர்தான் இந்த ஊரை ஆள்கிறார். அண்டா மாதிரி இருக்கும் காப்பிப் பாத்திரத்தை எப்போது பற்றவைப்பது, சாவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பன்றித்தொடை, காளான் சூப்பும் நூடுல்சும் கறியும் கலந்து சுட்ட ஹாட்டிஷ்களில் யாருடையதை மேஜைத் தலைமாட்டில் வைப்பது, எல்லாம் அவர் இஷ்டம். மேயருக்குக்கூட ஒரு துண்டு கேக்தான். அதையும் அவர்தான் வெட்டுவார். ஒன்பது வருஷம் அங்கே தட்டுத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார் லோர்னா. போன குளிர்காலத்தில் பழைய தலைவி மகளோடு இருக்க அரிசோனாவுக்குப் போய்விட்டார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலத்தின் இரண்டாம் புதன்கிழமை, சூப் விருந்து முடிந்ததும் தேர்தல் என்று அறிவித்தார்கள். போட்டிக்கு நின்றவர் சபை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆர்லிஸ் ப்ரூன் ஒருவர்தான். ஆர்லிஸ் யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது. லோர்னாவின் கண்ணுக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு. ஆர்லிஸுக்கு இணையத்தில் காளான் சூப் டப்பாவுக்கு நல்ல கூப்பன் ஒன்று கிடைத்திருக்கிறது. அந்தக் கூப்பனை ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு முறைக்கு மேல் அச்செடுக்க முடியாது. ஆர்லிஸ் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. சபையின் ஜெராக்ஸ் இயந்திரம் எதற்கு இருக்கிறது? ஞாயிறுதோறும் எல்லோருக்கும் கொடுக்கும் ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் கூப்பனை வைத்து நூற்று இருபது பிரதி எடுத்து, 'சபையாருக்கு என் அன்பு' என்று கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டார். அது அன்பா, வாக்கு வேட்டையா என்பது ஆர்லிஸுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் சபை அப்படியே எழுந்து ஹாகென் கடைக்கு வந்தது. அன்று ஞாயிறு முறை லோர்னாவுக்கு. திறந்திருந்ததும் அவர் கவுண்டர் ஒன்றுதான். வரிசையில் முதலில் நின்றவர் பாஸ்டர் மீல்கே. கையில் இரண்டு டப்பா.

லோர்னா கண்ணாடியை இறக்கினார். வழக்கம்போல் தேதியை உரக்கப் படிக்கவில்லை. தாளைத் திருப்பினார். மறுபக்கம் அன்றைய ஜெபம் இருந்தது.

"பாஸ்டர், இது செல்லாது."

"தேதி இருக்கேம்மா."

"தேதி இருக்கு. ஓரத்துல நம்பரைப் பாருங்க. நூறு பேர் அச்செடுத்தா நூறு நம்பர் வரணும். உங்க பின்னால நிக்கிற எல்லார் கையிலயும் இதே நம்பர்தான்."

வரிசை முழுக்கத் தாளைத் தூக்கிப் பார்த்தது. எனக்கும் அதேதான், எனக்கும் அதேதான் என்று கதவு வரைக்கும் செய்தி போயிற்று. ஐனார் ரூட் மட்டும் தன்னுடையது வேறு நம்பர் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தாளை நேராகத் திருப்பிக் கொடுத்தார்.

கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் இப்படித்தான் ஒரு கட்டு நகல் கூப்பனை சூப் நிறுவனம் காசு தராமல் திருப்பி அனுப்பியது. இன்னொரு தடவை வந்தால் இணையக் கூப்பனே வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், லோர்னாவுக்குக் கை வரவில்லை. புதன்கிழமை ஓட்டுப் போடப்போகிற கைகள்தான் வரிசையாக நிற்கின்றன என்று தெரிந்தேதான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அவரவர் கம்ப்யூட்டரில் அச்செடுத்து வாருங்கள், இரவு எட்டு மணி வரை இங்கேயே இருப்பேன் என்று ஒவ்வொருவரிடமும் தணிவாகவே சொன்னார்.

யாரும் சண்டை போடவில்லை. இந்த ஊரில் சண்டை போடுவது கிடையாது. டப்பாக்களைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்கள். ஒவ்வொரு டப்பாவையும் பெயர் முன்னால் தெரியும்படி திருப்பி, விரலால் நேர்செய்து வைத்தார்கள். அவ்வளவு கோபம். பாஸ்டர் முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை லோர்னா, இதுவும் வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார். இங்கே 'வித்தியாசம்' என்பது வசைச்சொல். அடுத்த தெருவில் யாராவது வீட்டுக்கு ஊதா நிறம் அடித்தால்தான் அந்த வார்த்தையை எடுப்பார்கள்.

பதினேழாவது ஆளாக வெண்டல் நின்றார். கையில் ஒரு டப்பா, ஒரு ஆராதனைத் தாள்.

"எனக்குமா?"

"உனக்குந்தான்."

அன்று சாயங்காலம் வறட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே, ஒரு வாரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா என்று வெண்டல் கேட்டார். கண்ணை மூடிக்கிட்டு எப்படிப் பில் போடுறது என்றார் லோர்னா. அதற்குப் பிறகு எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினார். கொஞ்சம் அழுதிருக்கவும் கூடும். குழாய்ச் சத்தத்தில் வெண்டலுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

புதன்கிழமை நிலவறையில் நாற்பத்து மூன்று பேர் கூடினார்கள். சூப் முடிந்து, காப்பி முடிந்து, ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டில் பெயர் எழுதிக் கூடையில் போட்டார்கள். எண்ணுவது யார் என்ற கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

"லோர்னாவே எண்ணட்டும்" என்றார் ஆர்லிஸ். "அவ எண்ணினா நமக்குச் சந்தேகம் இருக்காது."

போட்டியில் நிற்பவரே எண்ணுவது என்ன நியாயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சூப் டப்பாக் கோபம் ஆறாத பாஸ்டர்கூடத் தலையை ஆட்டினார். லோர்னா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டுத் துடைத்த ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆர்லிஸுக்கு இருபத்திரண்டு. தனக்கு இருபத்து நான்கு. எண்ணி முடித்ததும் லோர்னாவின் காது சிவந்தது. காப்பி அண்டாவின் செம்புக் குழாயை நாளைக்கே வினிகர் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதுவரை மனசு ஓடிவிட்டது. அப்புறம்தான் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தாறு. தன் பெயர் இருந்த கட்டை மறுபடி பிரித்தார். நான்கு சீட்டுகளில் ஒரே கையெழுத்து. முதல் எழுத்துக்கு ஒரே நீள வால். ஓரத்தில் காப்பிக் கோப்பை வைத்த ஒரே அரைவட்டம். ஒன்றில் அந்தக் கறை பழுப்பாக இருந்தது. மற்ற மூன்றிலும் சாம்பல் நிறம். மாடியில் ஜெராக்ஸ் இயந்திரம் இருக்கும் ஆர்லிஸின் அலுவலகத்தை யாரும் பூட்டுவதில்லை.

லோர்னா நிமிர்ந்தார். கடைசி வரிசையில் வெண்டல், ஒன்றுமே இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் தானாக யோசித்துச் செய்த முதல் காரியம் அது.

மூன்று போனால் இருபத்தொன்று. லோர்னா அதை இரண்டாம் தடவை கணக்குப் போடவில்லை. சாம்பல் கறை விழுந்த மூன்றையும் தனியே எடுத்து மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். பிறகு பழுப்புக் கறை இருந்த அந்த ஒரு சீட்டை எடுத்து, மடங்கியிருந்த மூலையைப் பிரித்து, உள்ளங்கையால் மெல்ல இரண்டு தரம் நீவிவிட்டுத் தன் கட்டின் மேலே வைத்தார்.