கழுவியும் துள்ளாத குடல்

ஆய்வுக்கூடத்து விதியைக் கோடலீவ் மீறினாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை.

பெல்ஜியத்தில் கெம்பன் பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்தோரு வருஷம் அவளுக்கு ஒரே வேலை. கினிப்பன்றிக் குடலில் விரல் நீளம் வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்பாள். குடல் துள்ளும், அதோடு இணைத்த முள் காகிதத்தில் கோடு கிழிக்கும். அபினி இனத்து மருந்தை விட்டால் துள்ளல் அடங்கும், கழுவினால் திரும்பும். மூன்று தடவை கழுவியும் துள்ளாவிட்டால் குடல் செத்தது என்று அர்த்தம். துண்டும் காகிதமும் குப்பைக்கு. விதியாம், பெரிய விதி!

வயிற்றுப்போக்குக்கு, தலைக்கு ஏறாமல் குடலை மட்டும் அடக்கும் மருந்தைத்தான் எல்லோரும் தேடினார்கள். அவள் வேண்டிக்கொண்டே தேடினாள். ஆபரேஷனில் பாதிக் குடலை இழந்த புருஷன் ரெமி, நாளைக்குப் பன்னிரண்டு தடவை கக்கூஸுக்கு ஓடினான். பஸ் ஓட்டும் வேலையும் போயிற்று.

அறுபத்து நாலு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பத்தேழாம் எண் மருந்தை விட்டாள். குடல் அடங்கியது; கழுவக் கழுவ எழவேயில்லை. அடுத்த துண்டும் அப்படியே. அபினியின் பிடியை விடுவிக்கும் முறிவு மருந்து ஒரு சொட்டு விட்டிருந்தால், குடல் செத்ததா, மருந்துதான் விடாமல் பிடித்திருக்கிறதா என்று தெரிந்திருக்கும். புட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இன்னிக்கு வந்த பன்னியே சரியில்ல டாக்டர். செத்த குடலு," என்றாள்.

"நீங்க சொன்னா சரிதான்," என்று கூடத்துத் தலைவர் டாக்டர் ஹௌபென் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

எழுபத்தொன்றில் வேறொரு கம்பெனியின் மாத்திரை வந்தது. அதன் வேதி அமைப்புப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தாள். அச்சு அசலாக நாற்பத்தேழு. குடலை லேசில் விடாது என்பதையே பெருமையாக எழுதியிருந்தார்கள்.

அந்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் வாரம், ரெமி புறாப் பந்தயக் கிளப்பிலிருந்து பாடிக்கொண்டே வந்தான்.

"அடியேய், நாலு பியர்! ஒரு தடவகூட எந்திரிக்கல. இதக் கண்டுபிடிச்சவன் கையில முத்தம் குடுக்கணும்டி!"

அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கத்துவான் என்று பார்த்தாள், கத்தவில்லை.

"எந்த வருஷம்னு சொன்ன?"

"அறுபத்து நாலு."

ரெமி விரல்விட்டு எண்ணினான்.

"நம்ம பொண்ணு கல்யாணம் அறுபத்தொம்போது," என்றான். "அன்னிக்கு நான் வீட்டுக் கக்கூஸுல உக்காந்து சர்ச் மணியக் கேட்டேன்."

"ஆமா," என்றாள் கோடலீவ்.