புளியந்தோப்பில் தலைவர் தங்கியதாக நான் எழுதியது

முப்பத்து நான்கு வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நானாக ஒரே ஒரு சரித்திரம் எழுதினேன். அது முழுப் பொய். அந்தப் பொய்யால் ஒருவருடைய தகப்பனார் இல்லாமல் போனார். அவர் செத்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டாம் தடவை அவரை இல்லாமல் செய்தவன் நான்.

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் காலையில் நடக்கிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். நடப்பது இருபது நிமிடம், அதற்குப் பின் டீக்கடையில் உட்காருவது ஒரு மணி நேரம். எங்களில் ஒருவர் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அகன்ற நெற்றி, அடர்ந்த புருவம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் தலைமறைவாகிக் கடைசிவரை பிடிபடாமலே போன ஒரு பெரிய தலைவரின் சாடை அவருக்கு உண்டு. தலைவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்மேல் நான் போட்ட பழி போதும்.

ஒருநாள் டீக்கடையில், அந்தத் தலைவர் எங்கள் ஊரில் கூட்டம் போட்டுப் பேசினார் என்று சொன்னேன். மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேசியது மதுரையில், இங்கே ரயில் நின்றபோது ஜன்னல் வழியாகக் கை காட்டினார், அவ்வளவுதான் என்றார். நான் விடவில்லை. மறுநாள் அவர் ஒரு பழைய விழா மலரைக் கொண்டுவந்து பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. "சாருக்கே பாடமா" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மில் தொழிலாளி, முதுகலை படித்த என்னைத் திருத்திவிட்டார். வீட்டுக்குப் போயும் எனக்கு இட்லி இறங்கவில்லை.

அன்று மத்தியானமே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'ஆய்வாளர்கள் வெளியிடத் தயங்கும் உண்மை'. தலைமறைவுக் காலத்தில் தலைவர் புளி வியாபாரி வேடத்தில் நத்தம் பக்கம் ஒரு தோப்பில் ஒரு பருவம் முழுக்கத் தங்கியிருந்தார் என்று எழுதினேன். அந்தத் தோப்பில் புளி தட்டிக் கொட்டை எடுக்கப் போன ஒரு பெண்ணின் வீட்டில் அடுத்த வருடம் பிறந்த ஆண் குழந்தை, இன்று நம்மோடு சீனி கம்மியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறது என்று முடித்தேன். மேஸ்திரி பிறந்தது நத்தம் பக்கம்தான். அவர் தாயார் புளி தட்டியவர்தான். எழுதி முடித்து நானே இரண்டு தடவை வாசித்துச் சிரித்துக்கொண்டேன். நல்ல கேலி என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது பழிவாங்கல்.

கேலியைக் கேலியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்து நான்கு வருடம் சிரிக்காமல் பாடம் நடத்தியதன் பலன் அது. மறுநாள் காலையில் எங்களுக்கெல்லாம் பேப்பர் கப், மேஸ்திரிக்கு மட்டும் கண்ணாடி டம்ளர். டீக்கடைக்காரர் அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஒரு வாரத்தில் என் கதை எனக்கே திரும்பி வந்தது. ஆனால் நான் எழுதிய கதையாக இல்லை. அதில் தலைவர் குடகனாற்றில் படகில் வந்து இறங்கினார். எங்கள் குழுவில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் படகைச் சேர்த்தவர். குடகனாற்றில் படகு விடுகிற அளவு தண்ணீரை நான் பார்த்ததில்லையே என்றேன். "தலைவர் வந்தப்ப ஓடுச்சு சார்" என்றார். அந்தப் பதிலுக்கு எதிராக எந்த ஆதாரத்தைக் காட்டுவது? மாதம் முடிவதற்குள் தலைவருக்கு நெய்க்காரப்பட்டியில் ஒரு மகனும் வேடசந்தூரில் ஒரு மகளும் கிளம்பிவிட்டார்கள். அவர் தலைமறைவாக வந்தாரா, சம்பந்தம் பேச வந்தாரா என்று சந்தேகம் வரும்படி ஆகிவிட்டது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி காரில் வந்தார். "ஏனுங்க, ஐயா கொஞ்சம் பக்கவாட்டில திரும்புங்க" என்றார். மேஸ்திரி திரும்பினார். வியாபாரி போனில் இருந்த தலைவர் படத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தார். கூடவே இரண்டு மூட்டை முட்டைக்கோஸ்.

மேஸ்திரி முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் பேசாமல் இருந்தார். மூன்றாம் வாரம் ஒரு பக்கம் சாய்த்து வைக்கிற மாதிரி ஒரு தொப்பி வாங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "நாடு இருக்கிற நெலமையில எனக்குச் சீனி எதுக்கு" என்று ஒருநாள் சர்க்கரை இல்லாத டீ கேட்டார். அவரை அவமானப்படுத்த நான் எழுதினேன். அவரோ என் கண்ணெதிரே வளர்ந்துகொண்டே போனார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வருத்தம் இன்னும் வரவில்லை.

வருத்தம் வந்தது ஒரு சாதாரண இடத்தில். மேஸ்திரி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அவர் தாயாரின் படம், பொட்டில்லாத நெற்றியோடு. பக்கத்தில் புதிதாக ஆணி அடித்து, தலைவரின் படம். இரண்டு படத்துக்கும் ஒரே நீள மாலை. நான் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் பக்கத்தில் அவள் புருஷன் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவரை நிறுத்தியிருக்கிறேன். அந்த அம்மாள் பதில் சொல்ல உயிரோடு இல்லை.

நான் கிறிஸ்தவன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உள்ளே இருந்த சாமியார் என் மகனைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப அது உண்மை இல்லையா?" என்றார்.

"இல்லைங்க சாமி."

"எனக்கும் வந்துச்சு. நான் நாலு பேருக்கு அனுப்பினேன்."

யாருக்கு யார் பாவமன்னிப்புத் தருவது என்று ஒரு நிமிடம் குழப்பமாக இருந்தது. பிறகு அவர் சுதாரித்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவரிடமே போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அதுதான் பரிகாரம் என்றார். ஐம்பத்து மூன்று மணி உருட்டுகிற ஜெபமாலை என்றால் அன்றே முடித்திருப்பேன். இதை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் மேஸ்திரியின் எண்பதாம் கல்யாணம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் விசேஷம் என்றால் மண்டப வாசலில் பேனர் வைப்பார்கள். மேல் வரிசையில் இறந்துபோன பெற்றோரின் படம் இருக்க வேண்டும். போட்டோவே எடுக்காமல் செத்துப்போனவர்களுக்கும் அதில் இடம் உண்டு. மகனின் படத்தை வாங்கி, மீசை வைத்து, தலைப்பாகை கட்டி, பேனர் கடையில் அப்பாவைச் செய்து கொடுத்துவிடுவார்கள். மகனுக்குப் பிறந்த அப்பாக்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். மேஸ்திரியின் தகப்பனார் வண்டிக்காரர். நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் புளி மூட்டை ஏற்றி வந்தவர். மேஸ்திரிக்கு இரண்டு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். படம் எதுவும் கிடையாது. அதனால் மேஸ்திரியின் மகன் வழக்கப்படி மேஸ்திரி படத்தைக் கடையில் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் என் கட்டுரை வந்திருந்தது. எதற்கு வீண் வேலை என்று அவர் தலைவரின் படத்தையே எடுத்து, தொப்பியைக் கழற்றித் தலைப்பாகை வைத்துவிட்டார். மேஸ்திரி பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்தன்று காலையில் ஒரு குட்டியானை வண்டி வந்து வாசலில் நின்றது. முன் சீட்டிலிருந்து மேஸ்திரியின் அக்கா இறங்கினார். எண்பத்தெட்டு வயது. நத்தம் பக்கத்து ஊரிலிருந்து அவர் மகன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் சீர்த்தட்டு. அவர் உள்ளே வரவில்லை. பேனருக்கு முன்னால் நின்றார்.

"எங்காத்தா பக்கத்துல நிக்கிற இந்தாளு யாரு?" என்று கேட்டார்.

தபால் ஆபீஸ்காரர் ஆர்வமாக முன்னால் போய்ப் படகிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் இறுகியது. இதை எழுதியது யார் என்று கேட்டார். எல்லோருடைய கையும் மரியாதையோடு என் பக்கம் நீண்டது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சீர்த்தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, அம்புட்டும் எழுதுனீகளே. அந்த நேரத்துல எங்கய்யா எங்க இருந்தாருன்னு எழுதுனீகளா?"

எழுதவில்லை. அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதே எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் இருக்கிற வரைக்கும் மண்டபப் படி ஏற மாட்டேன் என்று சொல்லி அவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அட்சதை போடாமல் தாலி கட்ட முடியாது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நான் உள்ளே போய் மைக்கை வாங்கினேன். நான் எழுதியது பொய் என்றேன். டீக்கடையில் மேஸ்திரி என்னைத் திருத்திய கோபத்தில் எழுதியது என்றேன். அந்தத் தலைவர் நத்தம் பக்கம் வந்ததற்கே ஆதாரம் இல்லை, மேஸ்திரியின் தாயாரையும் தகப்பனாரையும் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

நான் கீழே இறங்கியதும் தபால் ஆபீஸ்காரர் என் தோளைத் தொட்டார்.

"டெல்லியில இருந்து போன் வந்துச்சா சார்?" என்று காதோரம் கேட்டார்.

இல்லை என்றேன். சொல்ல முடியாதுதான், புரிகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். சாப்பாட்டுக் கூடம்வரை அந்தச் செய்தி என்னைவிட வேகமாகப் போனது. சாரை யாரோ மிரட்டியிருக்கிறார்கள், பாவம், பென்ஷனில் இருக்கிறவர், அவர் என்ன செய்வார் என்று எனக்காக இரக்கப்பட்டார்கள்.

நான் சொன்னதை நம்பியது மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மேஸ்திரி ஒருவர்தான். அவர் எழுந்து வந்து என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் பேசினார். ஆனால் சொன்னது அக்காவுக்குத்தான்.

"எனக்கு மொத நாளே தெரியும் வாத்தியாரே. நீங்க கடுப்புல எழுதுனதுன்னு தெரியாதா? எங்கய்யா மொகம் எனக்கு நெனப்பில்ல. ஒரு மொகமும் இல்லாம எம்பது வருசம் இருந்துட்டேன். அந்தப் படத்தப் பாத்தா, நம்மளப் பெத்தவரு மாதிரி இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்து, பேனர் கடை எங்கே என்று கேட்டார்.

கடை எதிர்ச்சாரியிலேயே இருந்தது. அக்காவின் மகனையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் போனோம். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண்ணிடம் அக்கா தன் அப்பாவைச் சொல்ல ஆரம்பித்தார். மூக்கு இன்னும் சப்பை. கண்ணு இம்புட்டுப் பெருசில்ல. கன்னம் ஒட்டியிருக்கும். அந்தப் பெண் மூக்கைச் சப்பையாக்கினால் கண் தலைவருடையதாகவே இருந்தது, கண்ணைச் சுருக்கினால் நெற்றி போக மறுத்தது. அரை மணி நேரத்தில் தலைவருக்குப் பெரிய விபத்து நடந்த மாதிரி ஆகிவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள்.

"அத விடு தாயி" என்றார் அக்கா. "என் மூஞ்சிய ஒரு போட்டோ எடு. எடுத்து மீசைய வையி."

எடுத்தார்கள். தோட்டையும் மூக்குத்தியையும் அழித்து, சுருக்கத்தைக் குறைத்து, மீசை வைத்து, தலைப்பாகை கட்டினார்கள். திரையில் ஒரு ஒல்லியான வண்டிக்காரர் எங்களைப் பார்த்தார். அக்கா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இதான். இதான் எங்கய்யா" என்றார்.

மேஸ்திரி திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "என் சாடையே இல்லையேக்கா" என்றார்.

"நீ ஆத்தாவக் கொண்டு பொறந்தவன். அய்யாவக் கொண்டது நான். இம்புட்டு வருசமா உன் எதுக்கத்தானடா உக்காந்திருக்கேன்."

புதுப் படத்தைப் பேனரில் பழையதன் மேல் ஒட்டினார்கள். அக்கா படியேறினார், அட்சதை விழுந்தது, மேஸ்திரி எண்பதாவது வயதில் தாலி கட்டினார். பந்திக்குப் போகும் வழியில் டீக்கடைக்காரர் பேனரை நின்று பார்த்தார். மகனுக்கும் அப்பாவுக்கும் துளிகூடச் சாடை இல்லை, இதற்கு மேல் என்ன சார் ஆதாரம் வேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

கிளம்பும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு, எங்கய்யாவைப் பற்றியும் அதே மாதிரி எழுதிப் போடுங்கள் என்றார். மறுவாரம் நத்தம் பஸ் ஏறிப்போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி வந்தேன். வண்டிக்காரருடைய மாடுகளின் நிறம், அவர் பாரம் ஏற்றும் விதம், ஏற்றம் வந்தால் வண்டியிலிருந்து இறங்கி "வாங்கய்யா, வாங்க" என்று மாடுகளை மரியாதை போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே கூட நடந்துவருவது. எல்லாவற்றையும் குழுவில் போட்டேன். ஒருவர் ரோஜாப் பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மேஸ்திரி மட்டும் போன் செய்தார்.

"மாட்ட மரியாத போட்டுக் கூப்புடுவாருன்னு எழுதியிருக்கீகளே, அது அக்கா சொன்னதா?"

"அக்கா சொன்னதுதான்."

"நீங்களாச் சேத்தது இல்லையே?"

"இல்லை மேஸ்திரி."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. எதிர்முனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நம்பலாமா என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் எவ்வளவு நீண்டாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றார் கடைசியில். "பேரனுக்கு அனுப்புறேன்."